மூச்சும் கோடும்

சடுகுடு, செடுகுடு, ஹுதுது, ஹாடுடு, கபடி. தமிழ்நாட்டில் தொடங்கி ஆந்திரம், மராட்டியம், வங்காளம், பஞ்சாப் என்று போனால் ஒரே விளையாட்டுக்கு இத்தனை பெயர்கள். இவற்றுக்கு அகராதிப் பொருள் தேடுவது வீண்வேலை என்றே கருதுகிறேன். கபடி என்பதைக் ‘கை பிடி’ என்று பிரித்துக்காட்டி, அது தூய தமிழ்ச்சொல்லே என நிறுவ முயல்வோர் நம்மிடையே உண்டு. ஆனால் மற்றவை அனைத்தும் வெறும் ஒலிகளாக நிற்கும்போது இதற்கு மட்டும் பொருள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ஒலிகளைச் சற்றே உற்றுக் கேட்டால் வேறொரு செய்தி புலப்படும்.

சடுகுடு என்பதில் உள்ள நான்கு எழுத்துகளும் வல்லினம். கபடி என்பதில் உள்ள மூன்றும் வல்லினம். நெஞ்சிலிருந்து வரும் காற்றை முழுதாகத் தடுத்து, பிறகு ஒரு துளி மட்டும் வெளியே விடுவதே வல்லெழுத்துப் பிறக்கும் முறை. மெல்லினத்தை இழுத்துப் பாடலாம்; உயிரை நீட்டி முழங்கலாம்; ஆனால் அவை மூச்சை விரைவில் கரைத்துவிடும். வல்லெழுத்தோ சிக்கனமானது. கோடைக்காலக் குளத்துநீரை மடைக்கு மடை அளந்துவிடுவதுபோல மூச்சைப் பகுத்துக் கொடுக்கிறது. இலக்கணம் படிக்காத சிறுவர்கள் தம் விளையாட்டுக்குத் தேர்ந்துகொண்ட சொல் இது. பிறப்பியலை அவர்கள் நாவினால் அறிந்திருந்தார்கள்.

ஆக, இந்த விளையாட்டின் பெயர் ஒரு பொருளைச் சுட்டுவதன்று. ஆடுபவனின் வாயில் இருக்கும் ஒலியே அதன் பெயர். காலால் ஆடும் ஓர் ஆட்டத்துக்கு வாயிலிருந்து பெயர் வந்தது எப்படி, அந்த வாய் பின்னர் எப்படி அடங்கியது, அடங்கியதற்கு ஈடாக அதற்குக் கிடைத்தது என்ன என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

*

ரிஷிவந்தியம் என்ற பெயரைக் கேட்டதும் அங்குள்ள அர்த்தநாரீஸ்வரர் கோயிலை நினைவுகூர்வோர் சிலர். சட்டமன்றத் தொகுதியாக அதை நினைவுகொள்வோர் பலர். 2019ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது ரிஷிவந்தியமும் அதனுடன் சேர்ந்தது. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். வடக்கே மணலூர்ப்பேட்டை வழியாக ஓடும் தென்பெண்ணை. ஆற்றோடு கிழக்கே போனால் திருக்கோவிலூர். மலையமான் திருமுடிக்காரியையும் கபிலரையும் படித்தவர்களுக்கு இந்த நிலம் புதியதன்று.

நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் இப்பகுதியில் தை மாதம் பிறந்தால் அறுவடை முடிந்த நிலங்களில் சுண்ணாம்புக் கோடுகள் தோன்றிவிடும். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற சுவரொட்டி பேருந்து நிறுத்தங்களில் ஒட்டப்படும். நுழைவுக் கட்டணம், முதற்பரிசுத் தொகை, பரிசு வழங்குவோர் பெயர்கள், ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’ என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் இருக்கும். நெல் அடித்த இடமே ஆட்டத்திற்கும் இடமாகிறது. களம் என்ற சொல் ஏர்க்களத்தையும் போர்க்களத்தையும் ஆடுகளத்தையும் ஒருங்கே குறிப்பது நம் மொழியில் தற்செயலாக நேர்ந்ததன்று.

வகுப்பில் புறத்திணையியல் நடத்தும் ஆசிரியருக்கு இந்தக் களம் பெரிய உதவி. வெட்சித்திணையை விளக்க உரையாசிரியர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். பகைப்புலத்துக்குள் அவர்கள் அறியாமல் செல்வது, ஆநிரையைக் கவர்வது, துரத்தி வருவோரிடமிருந்து நழுவுவது, கவர்ந்ததை ஊறின்றித் தன் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது என்று தொல்காப்பியம் துறை துறையாக வகுத்துச் சொல்வதை, கபடி ஆடிய மாணவர்கள் ஒரு நொடியில் புரிந்துகொள்கிறார்கள். பாடிப் போவது வெட்சி. வளைத்துப் பிடிப்பது கரந்தை. இதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

தென்பெண்ணைக்கு அப்பால் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. தொறு கொண்டபோது பட்டவனும் தொறு மீட்டுப் பட்டவனும் அந்தக் கற்களில் வில்லேந்தி நிற்கிறார்கள். போனவர்களுள் திரும்பாதவர்களுக்கே கல் நட்டார்கள்; திரும்பி வந்தவர்களுக்குக் கல் இல்லை. இந்த நினைவிலிருந்துதான் சடுகுடு பிறந்தது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஏறுதழுவலுக்கான பயிற்சியாக அது தோன்றியது என்றும், சக்கரவியூகத்தில் புகுந்த அபிமன்யுவிலிருந்து வந்தது என்றும் சொல்வோர் இருக்கிறார்கள். முல்லைக்கலி ஏறுதழுவலை எவ்வளவு விரிவாகப் பாடுகிறது என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்த ஏறுதழுவலுக்கும் இந்த ஆட்டத்துக்கும் இடையே பாலம் கட்டச் சான்று வேண்டும். வடிவ ஒற்றுமை சான்றாகாது. தனியாகச் செல்வது, தொடுவது, தப்பித் திரும்புவது என்ற மூன்றும் மனிதர்க்கு எங்கும் பொதுவான நாடகம். பழமையை ஏற்றிச் சொல்லாமலே இந்த விளையாட்டுக்குப் பெருமை உண்டு.

*

அந்த நாடகத்தின் இன்னொரு மேடையை அமெரிக்காவில் பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்து என்று அவர்கள் அழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு; முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதே பாதி ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிச் சுவரின் இடுக்கில் புகுந்து ஓடுபவனின் திறமையை அந்நாட்டவர் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். 1924ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச், மிச்சிகன் அணிக்கு எதிரான ஆட்டத்தின் முதல் பன்னிரண்டு நிமிடங்களில் நான்குமுறை எல்லையைக் கடந்தார். ‘பாய்ந்தோடும் பேய்’ என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். பிற்காலத்தில் டெட்ராய்ட் அணிக்காகப் பத்துப் பருவங்கள் ஆடிய பாரி சாண்டர்ஸ், நழுவி ஓடுவதாலேயே 15,269 கெஜம் சேர்த்தார்.

நழுவலின் இலக்கணம் இரண்டு ஆட்டங்களிலும் ஒன்றுதான். நம்மிடம் அதற்குப் ‘போக்குக் காட்டுதல்’ என்ற அருமையான தொடர் உண்டு. வலப்பக்கம் போவதாகத் தோளையும் கண்ணையும் காட்டிவிட்டு இடப்பக்கம் போவது. விரைந்து வந்து சட்டென நின்று, துரத்துபவனின் வேகத்தையே அவனுக்கு எதிரியாக்குவது. பிடி விழும் நேரத்தில் உடலைச் சுழற்றி அதைக் கழற்றுவது. கைகளுக்கு அடியில் குனிந்து புகுவது. பிடிப்பவனுக்குச் சொல்லப்படும் அறிவுரையும் அங்கும் இங்கும் ஒன்றே: கண்ணை நம்பாதே, இடுப்பைப் பார். கண் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும்; உடலின் எடை இருக்கும் இடம் பொய் சொல்லாது.

வேறுபாடு இரண்டு. ஒன்று, அமெரிக்க ஓட்டக்காரனுக்கு வழி திறந்துவிடத் தோழர்கள் பத்துப்பேர் உண்டு. நம் ஆட்டத்தில் பாடிப் போகிறவன் தனியன், எதிரே ஏழுபேர். இரண்டு, அவன் முன்னே போனால் போதும். நம்மவன் திரும்பி வந்தாக வேண்டும். நாம் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்கிறோம். சடுகுடுவின் அறம் முழுவதும் அந்த ‘வருகிறேன்’ என்ற சொல்லில் இருக்கிறது. நால்வர் காலைக் கவ்விக்கொண்டு கிடக்கையிலும் மூச்சு அறாமல் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர் அத்தனை பேரும் வெளியே போகிறார்கள். ஒரு விரல்நுனி ஊர் திரும்பினால் முழு ஆளும் திரும்பியதாகக் கணக்கு.

ஒரு பழைய விதியையும் இங்கே சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கால்பந்தில், பிடிபட்டவன் இனி நகரமுடியாது என்றால் தானே வாய்திறந்து ‘டவுன்’ என்று கத்த வேண்டும். அவன் வாயிலிருந்து வரும் அந்தச் சொல்தான் ஓட்டத்தை முடித்தது. இன்றும் ஒவ்வொரு முயற்சிக்கும் ‘டவுன்’ என்றே பெயர், கத்துவோர்தாம் இல்லை. அங்கே சொல் பிறந்தால் ஓட்டம் முடியும். இங்கே சொல் இறந்தால் ஓட்டம் முடியும். இரண்டு ஆட்டங்களும் ஒரு காலத்தில் ஆடுபவனின் வாக்கை நம்பியிருந்தன. பிறகு விதிப்புத்தகங்கள் வந்தன.

*

விதிப்புத்தகம் வருவதற்கு முந்தைய சடுகுடுவைச் சற்று நினைத்துப் பார்ப்போம். இரண்டிரண்டு பேராகத் தோளில் கைபோட்டுச் சென்று தமக்குள் இரகசியப் பெயர் சூட்டிக்கொண்டு வந்து, தலைவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உத்தி பிரிப்பார்கள். எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேரும் ஆடலாம். எல்லை என்பது பெரும்பாலும் வரப்போ, மரநிழலோ, காலால் கிழித்த கோடோதான். தொடப்பட்டவன் ‘செத்தான்’; தன் கட்சிக்காரன் ஒருவனைத் தொட்டுத் திரும்பினால் அவன் ‘உயிர்பெற்றான்’. எதிரணி மண்ணில் காலெடுத்து வைப்பவன் வாயில் பாட்டு இருக்க வேண்டும்.

பாட்டு என்றே சொன்னார்கள். இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘பாடிப் போனான்’ என்றுதான் சொல்கிறார்கள். அது வெறும் ஒற்றைச் சொல் அன்று. எதிரியை ஏளனம் செய்யும் அடிகள், தன் குலப்பெருமை, பாட்டன் பெயர், சாமி பெயர், பக்கத்தூரைப் பற்றிய நையாண்டி எல்லாம் அதில் இருக்கும். இரண்டடி அல்லது நான்கடிப் பாட்டாகத் தொடங்கும். மூச்சு குறையக்குறைய கடைசிச் சீர் மட்டும் திரும்பத்திரும்ப ஒலித்து, பின் கடைசி அசையாகச் சுருங்கி, கோட்டைத் தொடும்போது வெறும் ஒலியாக முடியும். ஒரு செய்யுள் நம் கண்முன்னே உடல் தேய்ந்து எலும்பாவது போன்றது அது. யாப்பில் அந்தாதி உண்டு, மடக்கு உண்டு. நுரையீரலின் கொள்ளளவைக் கொண்டு அடிவரையறை செய்யப்பட்ட யாப்பு, நானறிந்தவரை, இது ஒன்றுதான்.

ஊருக்கு ஊர் பாட்டு வேறு. தெருவுக்குத் தெருவும் வேறு. தேவநேயப் பாவாணர் 1954இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ நூலை எழுதியபோது நம் ஊர் ஆட்டங்களை அவற்றின் வட்டாரப் பெயர்களோடு பதிவுசெய்யும் அவசரம் அவருக்கு இருந்தது. அழிந்துகொண்டிருப்பதைத்தான் அவசரமாக எழுதுவார்கள்.

*

சடுகுடுவைக் கபடியாக்கியவர்கள் தமிழர்கள் அல்லர். 1918 முதல் 1923 வரையிலான ஆண்டுகளில் மராட்டியத்திலும் பரோடாவிலும் இருந்த உடற்பயிற்சிச் சங்கத்தார் ஹுதுதுவுக்கு விதி வகுக்கத் தொடங்கினார்கள். 1921இல் சாத்தாராவில் விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன. 1923இல் பரோடாவில் அனைத்திந்தியப் போட்டி நடந்தது. வெளியேறியவர் மீண்டும் உயிர்பெறும் முறை, உயிர்பெறாத முறை, வெளியேறாமலே புள்ளி மட்டும் கணக்கிடும் முறை என்று பல வழக்குகள் இருந்தன. உயிர்பெறும் முறைக்கு அவர்கள் இட்ட பெயர் சஞ்சீவனி. கடைசியில் அதுவே நிலைத்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் அங்கே இதை ஆடிக்காட்டினார்கள். 1950இல் அனைத்திந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் முதல் ஆடவர் தேசியப் போட்டி நடந்த நகரம் சென்னை. சடுகுடுவின் நாட்டில் சடுகுடு கபடியென்ற பெயரில் வந்து இறங்கியது. பெண்களுக்கான தேசியப் போட்டி 1955இல் கல்கத்தாவில் நடந்தது.

இதே காலத்தில் சென்னையில் இன்னொரு மாற்றம். அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்றவர் அவர். ‘டிரில் மாஸ்டர்’ இருந்த இடத்துக்கு, விதி தெரிந்த, ஊதல் வைத்திருந்த உடற்கல்வி ஆசிரியர் வரத்தொடங்கினார். விளையாட்டு என்பது அளக்கப்பட்ட திடலில், எண்ணப்பட்ட ஆட்களோடு, குறிக்கப்பட்ட நேரத்தில் நடப்பது என்ற எண்ணம் பள்ளிக்கூடங்கள் வழியே ஊருக்குள் நுழைந்தது.

இன்றைய ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாடிப்போகிறவர் கடந்தாக வேண்டிய கோடு. அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. அணிக்கு எழுவர். இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. பாட்டு? ‘கபடி’ என்ற ஒரே சொல். தெளிவாகவும் இடைவிடாமலும் நடுவர் காதில் விழும்படியும் அதைச் சொல்ல வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. தமிழன் பாடும் நான்கடியை வங்க நடுவர் எப்படிக் கணிப்பார்? மூச்சு அறுந்ததா, சீர் முடிந்ததா என்று யார் தீர்ப்பது? பொதுவிதி வேண்டுமென்றால் பொதுச்சொல் வேண்டும். அந்தக் கணக்கில் எல்லா மொழிப் பாட்டுகளும் ஒரு சொல்லாகச் சுருக்கப்பட்டன. ஒரு நாட்டார் இலக்கிய வகை, யாரும் தடைசெய்யாமலே, ஒரு விதியின் துணைவாக்கியத்தில் முடிந்துபோயிற்று.

*

இந்த இடத்தில் புலம்பலோடு நிறுத்திவிடுவது இலக்கியம் படித்தவர்களுக்கு எளிது. ஆனால் அது பாதி உண்மை.

சடுகுடு தொடும் விளையாட்டு. யார் யாரைத் தொடலாம் என்பதை ஆயிரம் ஆண்டுகளாக விதித்து வைத்திருந்த ஊர்களில், தொட்டால் எதிராளி வெளியே போக வேண்டும் என்று சொல்லும் ஓர் ஆட்டம் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை. பழைய சடுகுடுவின் எல்லை வரப்பும் மரநிழலும் என்றேன். அந்த வரப்பு யாருடையது, அந்த நிழலில் யார் நிற்கலாம் என்ற கேள்வியைச் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். குலப்பெருமை பாடிய அதே பாட்டு இன்னொரு குலத்தை இழிவும் செய்தது. ஊரணி தனி, காலனி அணி தனி என்ற நிலை இன்றும் பல இடங்களில் உண்டு. இருவரும் மோதினால் ஆட்டம் ஆட்டமாக முடியுமா என்ற அச்சத்தில் போட்டியையே தவிர்த்த ஊர்களும் உண்டு.

விதிப்புத்தகம் இதை ஒழித்துவிடவில்லை. ஆனால் ஒன்றைச் செய்தது. கோட்டை ஊர்ப்பெரியவரின் கையிலிருந்து பிடுங்கியது. 13 மீட்டர் என்றால் யார் வந்தாலும் 13 மீட்டர். தொட்டானா இல்லையா என்பதைச் சாட்சி வைத்துப் பஞ்சாயத்தில் பேசவேண்டியதில்லை. நடுவர் கை உயர்ந்தால் போதும். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி என்ற படிகள் ஊருக்கு வெளியே போகும் ஒரு வழியைத் திறந்தன. தூத்துக்குடிப் பகுதி மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்ட கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார்; 1995இல் அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025இல் வந்தபோது, சாதிப்பகை எரியும் ஊர்களிலிருந்து ஓர் இளைஞன் களத்துக்குப் போய்ச்சேர எத்தனை கோடுகளைத் தாண்டவேண்டியிருந்தது என்பது பேசுபொருளானது. 2010இல் குவாங்சோவில் பெண்கள் கபடி ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்டது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில், சென்னை கண்ணகி நகர் என்ற மறுகுடியமர்வுப் பகுதியைச் சேர்ந்த மாணவியும் இருந்தார். நகரத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள் அதே நகரத்தின் பெயரைச் சொல்ல வைத்தார்கள்.

எங்கள் மாவட்டத்தில் கபடியால் காவல்துறைக்கும் இரயில்வேக்கும் வேலைக்குப் போனவர்களைக் காட்டி, ‘அவனைப்போல ஆடு’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். பாட்டுப்பாடிப் போன பாட்டன்களுக்கு அந்த வழி இருக்கவில்லை.

அமெரிக்காவிலும் இத்தகைய கொடுக்கல் வாங்கல் ஒன்று நடந்தது. அது நம்முடையதைவிடக் கொடியது. பென்சில்வேனியாவில் 1879இல் தொடங்கப்பட்ட கார்லைல் பள்ளி, செவ்விந்தியப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசத் தடைவிதித்து ‘நாகரிகப்படுத்திய’ இடம். அந்தப் பிள்ளைகள் கால்பந்து ஆடினார்கள். 1880இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் வகுத்த விதிகள் ஆட்டத்துக்கு ஒழுங்கு தந்திருந்தாலும், கூட்டமாக மோதி நசுக்குவதே வழக்கமாக இருந்தது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 பேர் இறந்ததாக அன்றைய செய்தித்தாள்கள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய இசைவு கிடைத்தது. களம் அகன்று திறந்தது. எடையும் எண்ணிக்கையும் ஆண்ட இடத்தில் வேகமும் போக்குக்காட்டலும் மதிப்புப் பெற்றன. அந்தத் திறப்பை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களுள் கார்லைல் பிள்ளைகளும் உண்டு. 1912 நவம்பரில் அவர்கள் அமெரிக்க இராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று தோற்கடித்தார்கள். சாக்-ஃபாக்ஸ் பழங்குடியில் பிறந்த ஜிம் தோர்ப் அந்த அணியின் ஓட்டக்காரர். தம் முன்னோரை நிலத்திலிருந்து விரட்டிய படையின் வருங்கால அதிகாரிகளை, அளந்து கோடு போட்ட ஒரு திடலில், அவர்களுடைய விதிகளைக் கொண்டே அவர் ஏமாற்றி ஓடினார். அவருடைய தலைமுறையின் நாவை எடுத்துக்கொண்ட அதே ஏற்பாடு அவர் காலுக்கு நூறு கெஜம் சமநிலத்தைக் கொடுத்தது.

கார்லைலின் வன்முறையும் கபடியின் விதித்திருத்தமும் ஒன்றல்ல. அங்கே மொழியைப் பறிப்பதே நோக்கம். இங்கே மொழி கவனக்குறைவில் உதிர்ந்தது. ஆனாலும் இரண்டிலும் ஒரு பொதுவிதி தெரிகிறது: கோடு நேரானபோது குரல் சுருங்கியது.

*

எழுதப்படாமல் நின்றுவிட்ட ஆட்டத்தின் கதி என்ன என்பதற்குக் கிளித்தட்டு சாட்சி. கோடுகளில் நிற்கும் மறிப்பாளர்களுக்கும் நடுக்கோட்டில் விருப்பம்போல் ஓடும் ‘கிளி’க்கும் போக்குக் காட்டிவிட்டுக் கட்டம் கட்டமாகக் கடந்து, கடைசித் தட்டைத் தாண்டித் திரும்ப வேண்டும். அமெரிக்கரின் ஓட்ட ஆட்டத்துக்கு நம்மிடம் இதைவிட நெருங்கிய உறவு இல்லை. மராட்டியர் தம் ‘ஆட்யா பாட்யா’வுக்கு விதி எழுதி, 1982இல் கூட்டமைப்பும் அமைத்துக்கொண்டார்கள். நம் கிளித்தட்டு தன் வட்டாரச் சொற்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஆடுவதற்கு ஆளில்லாமல் போயிற்று. குரலை இழந்து களத்தை வைத்துக்கொண்டது சடுகுடு. குரலை வைத்துக்கொண்டு களத்தை இழந்தது கிளித்தட்டு. இரண்டையும் வைத்துக்கொள்ளும் வழியை நாம் தேடவில்லை என்பதே என் வருத்தம்.

2014இல் புரோ கபடி தொடங்கியபோது இந்தக் கதையின் அடுத்த இயல் எழுதப்பட்டது. பாடிப்போகிறவருக்கு முப்பது நொடி. அதற்குள் திரும்ப வேண்டும். ‘கபடி’ என்ற சொல்லும் விதியில் இருக்கிறது. ஆனால் அரங்கின் இசையிலும் வர்ணனையிலும் அது அமிழ்ந்துவிடுகிறது. நேரத்தை மூச்சால் அளந்த ஆட்டத்தில் இப்போது மூச்சை நேரம் அளக்கிறது. மண் போய் விரிப்பு வந்தது. வெறுங்கால் போய்க் காலணி வந்தது. விரிப்பு வாங்க வசதியில்லாத ஊரின் பிள்ளை மண்ணில் பழகி விரிப்பில் தேர்வுக்குப் போகிறான். நேரான கோடும் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் மாணவர்கள் கைப்பேசித் திரையில் ஓர் ஓட்டக்காரனை இடமும் வலமும் விலக்கி ஓடவிடுகிறார்கள். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த அமெரிக்க ஓட்டக்காரன் ஒருவன் அவர்களது கட்டைவிரலுக்குக் கட்டுப்பட்டு நழுவுகிறான், சுழல்கிறான், தாவுகிறான். போக்குக்காட்டலின் எல்லா அசைவுகளும் அங்கே இருக்கின்றன. ஆடுபவனுக்கு மட்டும் மூச்சு வாங்குவதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதே பிள்ளைகள் மாலையில் கோடு போட்டு இறங்கவும் செய்கிறார்கள். பாட்டு வாயிலிருந்து போயிற்று, மூச்சு கடிகாரத்துக்குப் போயிற்று, உடல் திரைக்குப் போயிற்று என்று வரிசைப்படுத்தி ஒப்பாரி வைப்பதற்கு முன், இன்னும் எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எஞ்சியிருப்பது பெரியவர்களின் நினைவு. ரிஷிவந்தியத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் அறுபது எழுபது வயதைக் கடந்தவர்களிடம் கேட்டால் சடுகுடுப் பாட்டின் ஓரடி, ஈரடி வெளிவருகிறது. பாட்டனின் பெயர் வரும் இடத்தில் சிரிக்கிறார்கள். இன்னொரு தெருவை ஏசும் இடத்தில் தயங்கி, விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்பும் தயக்கமும் சேர்ந்ததுதான் அந்த இலக்கியம். தொகுப்பவர் இரண்டையும் எழுத வேண்டும். இனிமையானதை மட்டும் பொறுக்கினால் அது நாட்டார் இயல் ஆகாது, பொருட்காட்சி ஆகும். தமிழ் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதுகிறார்கள். அவர்களுள் கபடி ஆடியவர்களும் இருக்கிறார்கள். தம் ஊர்ப் பாட்டைத் தாமே சென்று கேட்டு எழுதிக்கொள்ள, பதிவுக் கருவியாகக் கைப்பேசி போதும்.

விதியை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. நேரான கோடு நிலைக்கட்டும். அது பலருக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது. ஆனால் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றுகொண்டு, முன்பு இதைத் தாண்டிப் போனவர்கள் வாயில் என்ன இருந்தது என்று கேட்பதற்கு எந்த விதியும் தடையில்லை. சொற்களைத் தேடிப் போனவர்கள் மூச்சு அறுவதற்குள் திரும்ப வேண்டும். இங்கே மூச்சு என்று நான் சொல்வது அந்தப் பெரியவர்களுடையதை.